துண்டுக்கு அடியில்

ஊசி போட்டாயிற்று, இனிச் சும்மா உட்கார்ந்திருங்கள், இமை தூக்குகிறதா கை பிடிக்கிறதா என்று அரைமணி நேரம் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சென்னியப்பன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது அவர் பிறந்ததிலிருந்து செய்யாத வேலை. சந்தையில் ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவில் டீ குடித்தால்கூட நின்றபடிதான் குடிப்பார், ஒரு கண் டம்ளரில் இருக்கும், இன்னொன்று எவன் எந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான் என்பதில் இருக்கும். இப்போது கண் இரண்டுக்கும் வேலை போய்விட்டது. வலது இமை கடை ஷட்டர் மாதிரி முக்கால்வாசி இறங்கிக் கிடந்தது. அதைக் கட்டைவிரலால் தூக்கினால் எதிர்ச் சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று நேராக, இன்னொன்று குடித்தவன் கூட்டாளி தோளில் சாய்ந்த மாதிரி. தூக்காமல் விட்டால் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் பாதி உலகம் இருட்டு. இருட்டு வேண்டுமா இரண்டு வேண்டுமா என்றால் என்ன சொல்வது, இதில் பேரம் பேசக்கூட ஒன்றுமில்லை, இப்படி ஒரு மாட்டை எவனாவது கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் ஓட்டிக்கிட்டுப் போய்யா அக்கட்டால என்று விரட்டியிருப்பார். இந்தப் பக்கம் மனைவி பாவாயி, மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் ஒரு சொம்பு கஞ்சி, மெல்ல முடியாமல் போனதிலிருந்து கஞ்சிதான். பெஞ்சின் அந்தக் கோடியில் சந்தைத் தரகர் மஸ்தான் ராவுத்தர். இரண்டு ராவுத்தர், இரண்டு வெள்ளைத் தாடி, இரண்டு பச்சைத் துண்டு. அவருடைய ஆம்னியில்தான் வந்தார்கள், பாவாயி இவரைக் கேட்காமல் போன் போட்டு வரவழைத்துவிட்டாள். அவினாசி தாண்டி, கோயமுத்தூர் வந்து, இந்த வராந்தாவுக்கு ஏறும்வரை ஆண்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சந்தையில் அது நடந்ததிலிருந்து பேச்சில்லை. சென்னியப்பன் தன் மனதுக்குள் பயம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் ஈறைத் தொட்டால் இருக்குமே, தன்னுடையது மாதிரியும் இருக்கும், யாருடையதோ மாதிரியும் இருக்கும், அப்படி மெத்தென்று இருந்தது. பயம் அங்கேதான் இருக்கிறது. இவருக்குச் சேதி வரவில்லை.

சேதி. அந்தச் சொல்லைச் சொன்னவள் டாக்டரம்மா. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மேலே பாருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாள், பார்த்துக்கொண்டே இருந்தார், இமை தானாக இறங்கியது. கையை மூடுங்கள், திறங்கள், மூடுங்கள் என்றாள். முதலில் நன்றாகத்தான் மூடியது, அவருக்கே பெருமையாக இருந்தது, பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் விரல்கள் வாடின வெண்டைக்காய் மாதிரி நின்றுவிட்டன. ஊசிமுனையால் குத்தினாள், வலித்தது. "உணர்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கய்யா, நரம்பும் நல்லா இருக்குது, தசையும் நல்லா இருக்குது" என்றாள். அவருக்குச் சுருக்கென்று வர வேண்டிய கோபம் வரவில்லை, வந்திருந்தால் எல்லாம் நல்லா இருந்தா நான் எதுக்கம்மா இங்க வந்து குந்தியிருக்கறேன் என்று கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக மூக்கால் பேசுகிற அந்தப் புதுக் குரலில், "அப்பறம் எதுங்க கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். அவள் தன் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் எதிரெதிரே நீட்டி, ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை தள்ளி நிறுத்தினாள். "நடுவுல இருக்கற சந்துங்க" என்றாள். நரம்பு தசையைத் தொடாதாம். அவர் நம்பவில்லை. தொடாமல் எப்படி, மோட்டாருக்கு ஒயர் தொடாமல் எப்படி ஓடும். "தொடாதுங்கய்யா. நரம்பு முனை வரைக்கும் கரண்ட் மாதிரி சேதி வரும், அங்க வந்து நின்னுரும். முனையில சின்னச் சின்னப் பையில ஒரு ரசாயனம் இருக்கு, அசிட்டைல்கோலின்னு பேரு. பை ஒடைஞ்சு அது சந்துல கொட்டும். அக்கட்டால போயி தசையில இருக்கற கொக்கியில மாட்டும். மாட்டுனாத்தான் தசை இழுக்கும். மூளைக்குள்ளயும் இப்படித்தான், வேற வேற ரசாயனம், ஆனா ஒரு நரம்பும் இன்னொண்ணைத் தொடறதில்லை. நீங்க கோவப்படறது, பயப்படறது, ஞாபகம் வெச்சுக்கறது எல்லாமே ஒரு சந்தைத் தாண்டிப் போன சேதிதான்." அவருடைய உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே ஆள் தெரியாமல் அந்தக் கொக்கிகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கலாம் என்றாள். சேதி வருகிறது, மாட்ட இடமில்லை. போதாக்குறைக்குச் சந்தில் கூட்டிப் பெருக்குகிற ஆள் ஒருவன் வேறு இருக்கிறானாம், கொட்டினதைக் கொட்டின உடனே வாரிவிடுவான், நல்ல உடம்புக்கு அவன் வேண்டும், இல்லாவிட்டால் இழுத்த தசை இழுத்தபடியே நின்றுவிடும். "இந்த ஊசி அவன் கையைச் சித்த நேரம் கட்டிப்போடும். சேதி சந்துல கொஞ்சம் கூடுதலா நிக்கும். மிச்சம் இருக்கற கொக்கியில மாட்டிக்கும். இமை தூக்குனா, நான் நெனைக்கற வியாதிதான். மாத்திரை இருக்கு, காலத்துக்கும் சாப்பிடோணும், ஆனா பொழைச்சுக்கலாம்." தூக்கலீன்னா என்று கேட்டது பாவாயி. டாக்டரம்மா மேசையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "தூக்கலீன்னா மூளைக்கு அடியில போட்டோ எடுத்துப் பாக்கோணும்" என்றாள். அவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்துப் பேசினவள் அந்த ஒரு வார்த்தையைச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். சென்னியப்பன் வாழ்நாளெல்லாம் அதைத்தான் கவனித்துப் பிழைத்தவர். விற்கிறவன் மாட்டைப் பற்றி நல்லது சொல்லும்போது உன் முகத்தைப் பார்ப்பான், சுழி சரியில்லை என்றால் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வான். முதுகைத் தடவிவிட்டாள் டாக்டரம்மா. தெரிந்துவிட்டது. தெரிந்தது உள்ளே எங்கோ ஒரு முனைவரைக்கும் வந்து நின்றது, தாண்டவில்லை.

சந்து என்றால் அவருக்குத் தெரியாததா. இத்தனை வருஷமாக அவர் சோறு தின்றதே ஒரு சந்துக்குள் கையை விட்டுத்தான். சந்தையில் வாய் விலை பேசாது. விற்கிறவன் பக்கத்துத் தரகன் ஒரு கையை நீட்டுவான், வாங்குகிறவன் பக்கத்துத் தரகன் ஒரு கையை நீட்டுவான், மேலே ஒரு துண்டு விழும், அதற்கடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து, அது எந்தக் கணக்கில் ஐந்து என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். வெளியே முகம் பாட்டுக்கு மழை வருமா, மகளுக்கு என்ன குழந்தை என்று பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் விலை தெரியாது. படிந்தால் துண்டை எடுக்கலாம், படியாவிட்டால் துண்டுக்குள்ளேயே பிடியை விட்டுவிட்டு அவனவன் உருவிக்கொள்ள வேண்டும், பாதிப் பேரத்தில் துண்டை விலக்குவது வேட்டியை விலக்குவதைவிடக் கேவலம். இதை அவருக்கு ஒருத்தனும் சொல்லித் தரவில்லை. மீசை முளைக்காத வயதில் அப்பன் செத்த கையோடு வீட்டில் இருந்த ஒரே எருமையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனார், எவனோ ஒருத்தன் துண்டுக்குள் கையை வாங்கி, இவர் மூன்று விரலைப் பிடிக்க, அவன் ஒன்றை மடக்கிவிட்டுத் துண்டை எடுத்துக் கயிற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டுதானே புடிச்சே பொடியா என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, சந்தைக்கு வெளியே வேலமரத்தடியில் படுத்து, ராத்திரி முழுக்கத் தன் வலது கையை இடது கையால் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தக் கையை எவனும் ஏமாற்றியதில்லை. அவர் பிடி பிடித்தால் எதிராளி விரலில் ரத்தம் கட்டும். சென்னி கையா, அது கை இல்லீங்க, குறடு என்பார்கள். வீடு, காடு, மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, எல்லாம் அந்தக் கை பிடித்தது. அடித்ததும் அந்தக் கைதான். அதை நினைக்கும்போது மனம் வழக்கமாக ஓரமாக நகர்ந்து போய்விடும், மழைத்தண்ணீர் தேங்கின இடத்தைச் சுற்றிப் போகிற மாதிரி. ஆனால் இப்போது நகர்வதற்குக்கூடத் தெம்பில்லை, அதன்மேலேயே நின்றது.

எப்போது தொடங்கியது என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவர் தெரியாது என்றார். பாவாயி சொன்னாள். போன சித்திரையில் என்றாள். பாவாயிக்கு எப்படித் தெரியும் என்றால், குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாள் அவர் கையை ஓங்கினார், ஓங்கின கை பாதி வழியில் நின்றது. நின்று, மெல்ல இறங்கி, அவருடைய தொடையிலேயே விழுந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குலசாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அடுத்த வெள்ளிக்கிழமையே பொங்கல் வைத்தாள். மாமனுக்குக் கோவம் கொறைஞ்சு போச்சு என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள், திருப்பூர் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள், இரண்டு வருஷமாக முகத்தில் முழிக்காத மகன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் பேத்தியைப் பார்த்துச் சிரித்தார், சிரித்தது பல்லைக் கடித்து உறுமுகிற மாதிரி வந்தது, குழந்தை அழுதது. கத்தினால் குரல் மூக்கு வழியாக ஒழுகிப் போனது, கத்திப் பயனில்லை என்பதால் கத்துவதை விட்டார். தட்டை வீசினால் அது காலடியில் விழுந்தது, வீசுவதை விட்டார். ஊரே அவரை நல்லவர் ஆகிவிட்டார் என்றது. இமை இறங்கினபோது குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கொஞ்ச நாள் பேசினார்கள், வயசான காலத்தில் பரவாயில்லை, குடித்தாலும் சாதுவாக இருக்கிறார் என்று அதையும் மன்னித்தார்கள். அவரும் ஒருவேளை அப்படித்தானோ, கோபம் என்பது வயதானால் சுண்டிப்போகிற சமாச்சாரமோ என்று நினைத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் கோபம் இருந்தது. இருந்த இடத்திலேயே, ஏற்றிவிட ஆளில்லாத மூட்டை மாதிரி இருந்தது. ஒரு மனுசன் திருந்திவிட்டான் என்று உலகம் சொல்வதும், அவன் கைக்குச் சேதி போகவில்லை என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் இருக்கிறது. இப்போது இந்த ஊசி வேலை செய்தால் கை வந்துவிடும். கை வந்தால் எதெல்லாம் வரும். பக்கத்தில் பாவாயி ஒயர் கூடையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் எதை வேண்டிக்கொள்கிறாள் என்று அவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"ஏபுள்ள" என்றார்.

"சொல்லுங்க மாமா. வயித்தைப் பொரட்டுதுங்களா? பொரட்டுனாச் சொல்லச் சொன்னாங்க."

"இல்லே. கை வந்துருச்சுன்னா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளும் இரண்டு பேராகத்தான் தெரிந்தாள், இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஒன்றும் இல்லை. "வரட்டுங்க மாமா" என்றாள். "கை வேணுமல்ல. ஓங்குனீங்கன்னா இந்தத் தடவை நானும் ஓங்குவேன், அவ்வளவுதான்."

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு செருமல் கேட்டது. ராவுத்தர் சிரிப்பை இருமலாக்கியிருக்க வேண்டும். சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்தச் சந்தை நாள் அங்கே உட்கார்ந்திருக்கும். திரும்பாவிட்டாலும் வந்தது. மயிலைக் காளைகள் இரண்டு, காங்கேயம் ஜோடி, அவருடைய சொந்த மாடு, கன்றிலிருந்து வளர்த்தது, விற்பதற்கில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது. மூக்கணாங்கயிறு கையில் நிற்கவில்லை. ஒரு நாள் தொட்டித் தண்ணிக்குக் கொண்டுபோகும்போது கயிறு தானாக நழுவி, மாடு நின்று இவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்காகத்தான் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார், யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வாங்க வந்தவர் ராவுத்தர். வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். துண்டு விழுந்தது, பச்சைத் துண்டு, ராவுத்தருடையது. இவர் முழுக் கை பிடித்தார், ராவுத்தர் மூன்று விரல் பிடித்தார். மறுபடி முழுக் கை, மறுபடி மூன்று. இப்படியே போனது, போகப் போக இவர் கைக்குள் ஏதோ வடிந்துகொண்டே போனது. கடைசியில் நான்கில் நிறுத்திவிடலாம் என்று நான்கு விரலைப் பிடிக்கப் போனார். பிடித்தார் என்றுதான் நினைத்தார், பிடி என்று சொன்னது அவருக்கே கேட்டது. ராவுத்தர் கை அசையாமல் இருந்தது. விடவும் இல்லை, பதிலும் இல்லை. கொஞ்ச நாளாகவே ராவுத்தர் இப்படித்தான், ஒவ்வொரு பேரத்திலும் கையை விடாமல் வைத்துக்கொள்வார், சட்டென்று முடிகிற வேலையை இழுத்தடிப்பார், கிழவனுக்கு வயசாகிப் போச்சு, புரிந்துகொள்ள நேரமாகிறது என்று இவர் பல்லைக் கடித்துப் பொறுத்துவந்தார். அன்றைக்குப் பொறுக்கவில்லை. துண்டுக்குள் தன் விரல்களை ராவுத்தர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு என்னவோ செய்வது தெரிந்தது. விளையாடுகிறான். நூறு பேர் நடுவில் என் கையை வைத்து விளையாடுகிறான். ரொம்ப நாளைக்குப் பிறகு கோபம் மூட்டையை உதறிக்கொண்டு எழுந்தது, கைக்குப் போக வழியில்லாமல் தோளுக்குப் போனது, தோள் சிலுப்பினது, இடது கை போய்த் துண்டை இழுத்தது. துண்டு கீழே விழுந்தது. சந்தை முழுக்கத் திரும்பினது. துண்டு இருந்த இடத்தில் வெயில் இருந்தது, வெயிலில் அவருடைய வலது கை இருந்தது, ராவுத்தரின் உள்ளங்கையில், செத்த கோழி மாதிரி. ராவுத்தரின் மற்றொரு கை அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, இதுவா, இதுவா, எதைச் சொல்ல வந்தாய் என்று கேட்கிற மாதிரி. எல்லாரும் பார்த்தார்கள். குறடு என்று பேர் வாங்கின கையை எல்லாரும் பார்த்தார்கள். ராவுத்தர் குனிந்து துண்டை எடுத்து, உதறி, இரண்டு கையையும் மறுபடி மூடினார். "காத்துய்யா, காத்து அடிச்சிருச்சு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. ஒரு இலை அசையவில்லை அன்றைக்கு. இவர் கையைப் பிடுங்கிக்கொண்டு, "என்ற கையைப் புடிச்சு வெளையாட நான் என்ன உன்ற பேரனாடா?" என்றார். மூக்கால் சொன்னார். கெழட்டுத் திருடன் என்றும் சொன்னார். மாடு இரண்டும் தாங்களாகவே வழி தெரிந்து வீட்டுக்கு நடந்தன.

வயிற்றுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. எச்சில் ஊறினது. வலது கன்னத்துக்குக் கீழே ஒரு நரம்பு புழு மாதிரி துடித்தது, அவர் துடிக்கச் சொல்லவில்லை. நர்ஸம்மா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். எதிர் பெஞ்சில் ஒரு கல்லூரிப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குகிற மாதிரி இமை இறங்கியிருந்தது, இந்த வராந்தாவில் எதுவும் சொல்வதற்கில்லை. மூளைக்கு அடியில் என்றாள். அடி என்றால் எங்கே, பிடரியா. பிடரியைத் தடவிப் பார்த்தார், வெறும் பிடரி. ஊசிக்குள் இருப்பது இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும், தோளிலிருந்து இறங்கி, அந்தச் சந்துகளுக்குள் புகுந்து, பெருக்குகிறவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்குமா, இரு, வாராதே, கொஞ்ச நேரம் விடு, அவன் என்னமோ சொல்ல வருகிறான் என்று. கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும். கொஞ்சம் கூடுதலாக. அவருடைய மனம் அங்கே ஒரு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றது. பேரம் முடிந்தும் விடாத ராவுத்தர் கை. கிழவன் இழுத்தடிக்கிறான் என்று பல்லைக் கடித்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு எருது, அப்புறம் அந்தச் செவலைப் பசு, அப்புறம் வண்டிமாடு இரண்டு ஜோடி, இவர் நினைத்த விலைக்கே எல்லாம் படிந்ததே, இவர் கை சொன்ன விலைக்கா படிந்தது. துணியை முள்ளிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கிழிந்துவிடும் போலிருந்தது. ஊசி வேலை செய்தால் கை கெட்டுத்தான் போயிருந்தது என்று அர்த்தம், ராவுத்தர் திருடன் இல்லை என்று அர்த்தம், இத்தனை மாசமும் அந்த மனுசன் வாயைத் திறக்காமல் இவர் கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். வேலை செய்யாவிட்டால் மூளைக்கு அடியில். உயிர் வேண்டுமானால் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கிறவன் நல்ல ஜோடி கட்டியிருக்கிறான், ஒன்றை விட்டு ஒன்றைத் தரமாட்டான். அழுகை வருமா என்று பார்த்தார். அதுவும் எங்கோ ஒரு முனையில் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார், கட்டைவிரலை இமையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பார்த்தார், எடுத்ததைக் கவனிக்கவில்லை. சாய்ந்திருந்த கடிகாரம் கொஞ்சம் நிமிர்ந்து, நேர்க் கடிகாரத்தின்மேல் ஒட்டி, அதற்குள் போய்விட்டது. பெஞ்சின் கோடிக்குத் திரும்பினார். இரண்டு ராவுத்தர்களும் நுகத்தடிக்கு வருகிற மாடுகள் மாதிரி ஒருவர் பக்கம் ஒருவர் வந்து, ஒரே ஒரு ராவுத்தர் ஆனார்கள். மூக்குக்குப் பக்கத்தில் மரு இருந்தது. அந்த மருவைப் பார்த்து எத்தனை மாசம் ஆகியிருந்தது.

"மாமா, கண்ணு!" என்றாள் பாவாயி. ஒயர் கூடை மடியிலிருந்து சரிந்தது. "ஐயோ, தூக்கிருச்சு, முழுசாத் தூக்கிருச்சு, டாக்டரம்மா!" கஞ்சிச் சொம்பு உருள, செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஓடினாள்.

பெஞ்சில் ஆண்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். ராவுத்தர் அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார், தோளிலிருந்த துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தார், தன் கையை அதற்கடியில் வைத்துவிட்டு, "மழை வர்றாட்டத் தெரியுது" என்றார் சுவரிடம். சென்னியப்பன் கையை உள்ளே விட்டார். கை போனது. போய் அந்தக் கையைக் கண்டுபிடித்தது. ஆனால் என்ன சொல்வது, துண்டுக்குள் மன்னிப்புக்கு விரல் கிடையாது. எண்ணிக்கைதான் இருக்கிறது. யோசித்தார். பிறகு ராவுத்தரின் மூன்று விரல்களைப் பிடித்தார். மயிலை ஜோடி, நீங்கள் கேட்ட விலை, எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட எதிராளி சொன்ன விலைக்கு அவர் மாடு கொடுத்ததில்லை. பிடி பிடித்தது. மூன்று விரலும் மூன்று விரலாகப் போய்ச் சேர்ந்தன.

 ராவுத்தரின் கை திரும்பி, நான்கு விரலைப் பிடித்தது.

சென்னியப்பன் மூன்றைப் பிடித்தார். ராவுத்தர் நான்கைப் பிடித்தார்.

"யோவ் ராவுத்தரே, நான் விக்கறவன்யா."

"தெரியுமப்பா."

"விக்கறவன் மூணுங்கறேன். வாங்கறவன் ஏத்தறதுக்கு உனக்கென்ன கிறுக்கா?"

"துண்டுக்குள்ள பேசு. வாயில பேசாதே."

அவருக்குக் கோபம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, எங்கேயும் நிற்காமல் வந்தது. ஊசி நிற்கிறவரைக்கும்தான் இது, திரும்ப வண்டி அவினாசி தாண்டுவதற்குள் கை மறுபடி போய்விடலாம், அதற்கப்புறம் மாத்திரை, காலத்துக்கும் மாத்திரை. இருக்கும்போதே அழுத்த வேண்டும். அழுத்தினார்.

"அல்லா! வெரலை ஒடிச்சுப்போடாதய்யா, குறடு!" ராவுத்தர் கத்தினது வராந்தா முழுக்கக் கேட்டது. எதிர் பெஞ்சுப் பெண் இமையைத் தூக்கப் பார்த்தாள். "ஏனுங்க பெரியவங்களே, இது ஆஸ்பத்திரிங்க!" என்று நர்ஸம்மா எங்கிருந்தோ அதட்டினாள். ராவுத்தர் கண்ணில் தண்ணீர் நின்றது, வலியாகத்தான் இருக்கும். நான்கு விரலை விடவில்லை அவர்.

டாக்டரம்மா வந்து எதிரில் நின்றாள், பின்னால் பாவாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. டாக்டரம்மா குனிந்து அவர் கண்களைப் பார்த்தாள், இந்தத் தடவை முகத்தைத்தான் பார்த்தாள். "கண்ணு நல்லாத் தூக்கியிருக்குதுங்க" என்றாள். "எங்க, கையை வெளிய எடுங்க, பிடி பார்க்கலாம்."

சென்னியப்பன் துண்டைப் பார்த்தார். அது அவருடைய முழங்கால்மேலும் ராவுத்தரின் முழங்கால்மேலும் கிடந்தது, அதற்கடியில் என்னவோ முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"சித்த இருங்கம்மா" என்றார். "வெலை இன்னும் படியலை."